கடைசி வண்டிக்கு நீதான் வேண்டும்

அன்புள்ள மாப்பிள்ளை,

வீட்டில் எல்லோரும் நலம்தானே? குட்டிப்பெண் நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று பெரியவர் சொல்லித்தான் தெரியும். எனக்கு ஒரு வரி எழுத உனக்கு மனசு வரவில்லை. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம். போன ஞாயிற்றுக்கிழமை நம் பைக் கிளப்பின் குளிர்கால ரைடு முடிந்தது. அதில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

கிளம்பும்போது 2 டிகிரி. நல்ல வெயில், காய்ந்த சாலை. நின்று பேசிக்கொண்டிருந்தவரை யாருக்கும் குளிரே உறைக்கவில்லை. ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதே 2 டிகிரி வெறும் தோலுக்கு மைனஸ் 7 மாதிரி இருக்கும். வாத்தியார் வழக்கம்போல முன்னால் நின்று பாடம் எடுத்தார். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்று ஓடுவதால் பாலத்தின்மேல்தான் முதலில் உறையும், அதன்மேல் பிரேக்கைத் தொடாதே. மர நிழலில் மதியம்வரை ஐஸ் கிடக்கும். 10 டிகிரி குளிர் கூடினால் டயரில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ இறங்கிவிடும், காற்றைப் பார்த்துவிட்டு ஏறு. அப்புறம் உன் கையுறைக் கதை. புதுப் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அது இந்த ஜென்மத்தில் உன்னை விடாது.

முதல் ஒரு மணி நேரம் அவ்வளவு சுகம். சாலையில் ஈ காக்கை இல்லை. இரண்டு வரிசையாக, ஒருவர் மாற்றி ஒருவராக, வழக்கத்தைவிட நல்ல இடைவெளி விட்டுப் போனோம். குளிர்காற்றில் என் வண்டி என்னமாய் இழுத்தது தெரியுமா!

அதற்குப் பிறகுதான் கண்ணாடியில் சின்னவனைக் கவனித்தேன். வளைவு தாண்டி வெகுநேரமாகியும் இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. இடைவெளி கூடிக்கொண்டே போனது. அன்றைக்கு ஸ்வீப், அதாவது எல்லோரையும் பார்த்துக்கொண்டு வரும் கடைசி வண்டி, ஓட்டியவர் புதியவர், பையன் நிதானமாக வருகிறான் என்று நினைத்து அவன் பின்னாலேயே வந்திருக்கிறார். பெட்ரோல் போட நிறுத்தினோம். சின்னவனால் சைடு ஸ்டாண்டைத் தள்ள முடியவில்லை. ஹெல்மெட் வாரை அவிழ்க்க விரல் வளையவில்லை. "குளிருதாடா?" என்று கேட்டால், "இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறான், நாக்கு குழறக் குழற. உடம்பு வெடவெடவென்று ஆடுகிறது.

விஷயம் இதுதான். காலையில் அவன் பேட்டரி கைவிட்டுவிட்டது. குளிரில் பேட்டரிக்குத் தெம்பு குறையும், எஞ்சின் ஆயிலும் கெட்டிப்படும், உனக்குத் தெரியாததா. வண்டியைத் தள்ளித் தள்ளி ஸ்டார்ட் செய்ததில் வியர்த்துக் கொட்டியிருக்கிறது. உள்ளே பருத்தி பனியன். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எவ்வளவு நல்ல ஜாக்கெட் போட்டு என்ன பயன்?

பெரியவர் இருந்தது நம் அதிர்ஷ்டம். உள்ளே கூட்டிப்போய் ஈரத்தைக் கழற்றி, காய்ந்த துணி போட்டு, போர்வை சுற்றி, இனிப்பாகச் சூடாகக் குடிக்கக் கொடுத்தார். ஒருவன் பாக்கெட்டிலிருந்து சரக்கை எடுத்தான். பெரியவர் அவன் கையைத் தட்டிவிட்டார். சரக்கு தோலுக்கு ரத்தத்தைத் திறந்துவிடும், சூடானது போலத் தோன்றும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்விடும்.

அன்றிலிருந்து இதுவே மண்டைக்குள் ஓடுகிறது. உடம்பு இதயத்தையும் மூளையையும் காப்பாற்றிக்கொள்ள முதலில் கைகால்களுக்குப் போகிற ரத்தத்தைத்தான் குறைக்கிறது. அதாவது கிளட்சையும் பிரேக்கையும் பிடிக்கிற விரல்களை. அதனால்தான் தடித்த கையுறை மட்டும் போதாது, நெஞ்சும் கழுத்தும் சூடாக இருந்தால்தான் விரலுக்கும் சூடு வரும். உள்ளுடம்பின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் யோசனையே மந்தமாகிவிடுகிறது. குளிர்ந்துபோனவனிடமே "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டு என்ன பயன், மாப்பிள்ளை? பதில் சொல்ல வேண்டிய மூளைதானே முதலில் தடுமாறுகிறது. அவனைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறவனுக்குத்தான் தெரியும்.

நீ ஸ்வீப் ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும், விரல் வளைகிறதா என்று பார்க்க, எல்லோரையும் ஹெல்மெட் வாரை அவிழ்த்து மாட்டச் சொல்வாய். ஹெட்மாஸ்டர் என்று உனக்குப் பேர் வைத்தார்கள். கிளப்பில் அதைவிட உருப்படியான வழக்கம் எதுவும் இருந்ததில்லை என்பது என் கட்சி. நீ போனதும் அதுவும் போயிற்று.

மதியச் சாப்பாட்டுக்கு ரொம்ப லேட்டாகத்தான் போய்ச் சேர்ந்தோம். சின்னவன் ஒரு காரில் வந்து, இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டான். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. குளிர்கால ரைடையே நிறுத்திவிடலாம் என்று சிலர் ஆரம்பித்தார்கள். வாத்தியார் அதற்கு ஜெர்மனிக்காரர்களின் எலெஃபான்டன்ட்ரெஃபன் என்ற பைக் கூட்டத்தைச் சொன்னார். 1956-இல் எர்ன்ஸ்ட் லெவர்குஸ் தொடங்கியது. நடுக் குளிர்காலத்தில் வண்டியில் போய், பனியில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள், இன்றும் நடக்கிறது. குளிரில் ஓட்ட முடியும், தயாராகப் போக வேண்டும், அவ்வளவுதான். தூரத்தைக் குறைப்போம், அரை மணிக்கு ஒருமுறை நிறுத்துவோம், யார் என்ன சொன்னாலும் ஊர்வலத்தை நிறுத்துகிற அதிகாரத்தை ஸ்வீப்புக்குக் கொடுப்போம் என்று நான் சொன்னேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஸ்வீப் யார் என்று கேட்டபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உன் பேரைச் சொல்லிவிட்டேன்.

வேலை, குழந்தை எல்லாம் எனக்கும் தெரியும். மாதம் ஒரு ஞாயிறு போதும், மதியச் சாப்பாட்டோடு வீடு திரும்பிவிடலாம். தங்கச்சியிடம் நானே பேசுகிறேன். உன் வண்டி பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போடு, செயினுக்கு எண்ணெய் விடு. வருகிறாயா என்று உடனே எழுது. உன்னால் முடியவே முடியாது என்றால் அந்தப் புதியவரை உன்னிடம் அனுப்புகிறேன், பின்னாலிருந்து எதையெதைப் பார்க்க வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடு.

அன்புடன்,
உன் மச்சான்