பொட்டலத்தோடு பிடிபட்டவனுக்கு ஆஸ்பத்திரி வழியும் சட்டத்தில் இருக்கிறது

வடசென்னைத் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். 22 வருஷமாகப் பாரிமுனையில் வக்கீல் குமாஸ்தா. கேஸ் கட்டைத் தூக்குவதும், வாய்தா தேதி குறிப்பதும், மனு டைப் அடிப்பதும்தான் என் பிழைப்பு. கஞ்சா வழக்குகளும் அதில் நிறைய வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி என் அக்கா ஸ்டேஷன் வாசலில் மஞ்சப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். பைக்குள் ஒரு லுங்கி, ஒரு துண்டு, ரேஷன் கார்டு. கொருக்குப்பேட்டையில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் 20 வயது மகனைத் தண்டவாளத்து ஓரத்திலிருந்து பிடித்து வந்திருந்தார்கள். அவனிடம் இருந்த கஞ்சாப் பொட்டலத்தை மேஜைமேல் பார்த்தேன். பேப்பரின் ராசிபலன் பக்கத்தைக் கிழித்து மடித்தது, கட்டைவிரல் பருமன் இருக்கும். பிடித்த பொருளைப் பதிவு செய்யும் மகஜரில் 15 கிராம் என்று எழுதினார்கள். அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏன்டா, ஒடம்பு சரியில்லாதவன ஆஸ்பத்திரிக்குத்தானே இட்டுனு போவாங்க? இங்க இன்னாத்துக்கு இட்டாந்து வெச்சிருக்காங்க?"

"கோர்ட்ல ஒத்துக்கினு அபராதம் கட்டினா முடிஞ்சிடும்கா" என்று சொன்னேன். அப்படியே செய்தோம். 5,000 ரூபாய்க்காக அவள் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. ஆனால் எதுவும் முடியவில்லை. அபராதம் கட்டியது அவன் பெயரில் தண்டனையாக ஏறிவிட்டது. பிறகு துறைமுகத்துக்குள் ஒரு கான்டிராக்ட் வேலை வந்து, போலீஸ் சரிபார்ப்போடு நின்றுபோனது. அவன் கஞ்சா குடிப்பது மட்டும் நிற்கவில்லை.

என்.டி.பி.எஸ். என்று நாங்கள் சொல்லும் 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி 1 கிலோ வரை கஞ்சா 'சிறிய அளவு'. அதை வைத்திருந்தால் ஒரு வருஷம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடித்ததற்குத் தனியாக 27ஆம் பிரிவு இருக்கிறது, அதில் ஆறு மாதம் வரை. 1 கிலோவுக்கு மேலே, வணிக அளவுக்குக் கீழே இருந்தால் 10 வருஷம் வரை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. அதற்கு 10 முதல் 20 வருஷம், 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், ஜாமீனும் லேசில் கிடைக்காது. ஆந்திரா, ஒடிசா எல்லையிலிருந்து மூட்டை மூட்டையாக ரயிலில் ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு இது வேண்டிய தண்டனைதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கஞ்சாவைச் சட்டப்படி விற்கவிடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. பையன்கள் செல்போனைக் காட்டி, "அமெரிக்கால கடையிலயே விக்கிறாங்கண்ணா" என்பார்கள். கொலராடோவில் 2012இல் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்தது உண்மைதான். அதே நாட்டின் டெக்சாஸில் இரண்டு அவுன்ஸுக்குள் வைத்திருந்தாலே 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. எங்கள் தெருவிலேயே 16 வயதில் ஆரம்பித்த ஒருவன், காதில் யாரோ பேசுகிறார்கள் என்று ராத்திரியெல்லாம் மொட்டை மாடியில் நடக்கிறான். இது விளையாட்டுப் பொருள் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. குடித்த வழக்கிலோ சிறிய அளவு வழக்கிலோ சிக்கியவர் அந்தப் பழக்கத்துக்கு அடிமையானவராக இருந்து, தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போனால், அந்தக் குற்றத்துக்காக அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். 39ஆம் பிரிவும் இருக்கிறது. தண்டனை கொடுப்பதற்குப் பதில், சம்மதத்தின் பேரில் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்பக் கோர்ட்டுக்கு அது அதிகாரம் தருகிறது. அக்கா கேட்டதற்குப் பதில் சட்டப் புத்தகத்திலேயே இருந்திருக்கிறது. மனு டைப் அடிக்கிற எனக்கே அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை. சீக்கிரம் வெளியே எடுக்க வேண்டும் என்ற பதற்றம் ஒரு பக்கம், நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்ற பயம் ஒரு பக்கம். அந்தப் பையனுக்கு நான் செய்த துரோகம் அது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தெரிந்திருந்தாலும் எங்கே கூட்டிப்போவது? எங்கள் பக்கத்தில் ஒருவனைக் கேவலமாகத் திட்ட வேண்டுமென்றால், கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரியை வைத்து 'கீப்பாக்கம் கேஸு' என்பார்கள். அந்தப் பெயர் கேட்டாலே தாய்மார்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று எவ்வளவு சொன்னாலும் எடுபடாது. ஆனால் 64ஏ அரசு ஆஸ்பத்திரியை மட்டும் சொல்லவில்லை. உள்ளாட்சி அமைப்பு நடத்துகிற ஆஸ்பத்திரியும் செல்லும் என்கிறது. அப்படியென்றால் நம் மாநகராட்சிக்கும் அதில் இடம் இருக்கிறது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் காசிமேட்டிலும் உள்ள நகர்ப்புற சுகாதார நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், வேலை முடிந்து வரத் தோதாகச் சாயங்கால நேரத்தில், போதை மீட்பு டாக்டர் ஒருவர் உட்கார வேண்டும். சளி, காய்ச்சலுக்குச் சீட்டு வாங்குகிற அதே வரிசையில் இவனும் நிற்கட்டும். சிகிச்சைக்கு வந்ததற்கும் முடித்ததற்கும் கோர்ட்டில் காட்டக் கூடிய சான்றிதழும் அங்கேயே கிடைக்க வேண்டும்.

என்.டி.பி.எஸ். சட்டத்தைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை, அது நாடாளுமன்றத்தின் வேலை. போலீசும் ஆஸ்பத்திரியும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. சிகிச்சை மையங்களைத் திறக்க 71ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. சட்டமன்றத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சென்னையில் போன வருஷம் சிறிய அளவு கஞ்சா வழக்கில் சிக்கியவர்களில் எத்தனை பேர் 39, 64ஏ வழியாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்? வருகிற எண்ணைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.

காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் கடற்கரை மணலில் ஓடிப் பழகுகிற பையன்கள் எங்கள் பேட்டையில் நிறைய. சந்தேகத்தின் பலனில் விடுதலையானால்கூட 'வழக்கில் தொடர்புடையவர்' என்று அந்தத் தேர்வில் தள்ளிவிடுவார்கள். ஒரு பொட்டலம் அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யோசியுங்கள்.

ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் ரேஷன் கடையிலும் ஒரு பலகை வையுங்கள். வாசகம் இப்படி இருக்கட்டும்: "உங்கள் பிள்ளை கொஞ்சம் கஞ்சாவோடு பிடிபட்டு, அந்தப் பழக்கத்தை விட முடியாமல் தவித்தால், குற்றத்தை ஒத்துக்கொள்ளும் முன் வக்கீலிடம் 64ஏ பற்றிக் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வைத்துத் தரும். போதை மீட்பு உதவிக்கு 14446." பெயின்டர் கூலியை எங்கள் தெருக்காரர்களே கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
பழைய வண்ணாரப்பேட்டை.