கயலின் நான்கு செடிகளும் பதினோரு படங்களும்

ஒட்டன்சத்திரம்
ஆகஸ்ட் 12

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய பதினோரு படங்களும் வந்தன. போனிலேயே சொல்லிவிடலாம், ஆனால் போன் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். உன் பின்கட்டில் நிற்பது என்ன செடி என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அதனால்தான் கடிதம்.

எனக்கும் முதலில் பிடிபடவில்லை. புளிச்சகீரை என்றுதான் நினைத்தேன். இலை அச்சு அசல் அப்படியே இருந்தது. புளிச்சகீரையின் தாவரப் பெயரே ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ்தானே, கஞ்சா மாதிரி இலை என்று வைத்த பெயர். இரண்டாவது படத்தில் இலை காம்பு வரைக்கும் தனித்தனி விரலாகப் பிரிந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

சரி, திட்டப் போவதில்லை. உங்கள் கனடாவில் 2018 அக்டோபரில் இருந்து கஞ்சா வளர்ப்பது சட்டப்படி சரி, வீட்டுக்கு நான்கு செடி என்று நீயே சொல்லிவிட்டாய். மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு எண்ணெய் காய்ச்சத்தான் என்றும் சொன்னாய். நம்புகிறேன். இங்கே இதை வளர்த்தால் பத்து ஆண்டு வரை கடுங்காவல் என்பதால் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது, அவ்வளவுதான். முப்பத்திநாலு வருஷம் வேளாண்மைத் துறையில் இருந்தவனிடம் பூச்சிப் படத்தைக் காட்டினால் அவன் செடியின் ஜாதகத்தையா பார்ப்பான்?

முதலில் கோபம் வந்த படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது படம். கறுப்பு உடம்பு, இரண்டு பக்கமும் ஆரஞ்சுப் பட்டை, முதுகெல்லாம் முள், குட்டி முதலை மாதிரி ஒன்று. கீழே நீ எழுதியிருந்தது: 'இது என்ன பயங்கரம்? ஒன்பது கொன்றேன்.' அம்மாடி, அது பொறிவண்டின் புழு. வளர்ந்தால் சிவப்பாக, புள்ளி வைத்து, நீ சின்ன வயதில் தீப்பெட்டியில் வைத்து வளர்த்தாயே, அதே வண்டுதான். ஒரு புழு கூட்டுப்புழுவாக மாறுவதற்குள் அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியை நூற்றுக்கணக்கில் தின்னும். ஒன்பதைக் கொன்றுவிட்டு அடுத்த படத்தில் 'அசுவினி திடீரென்று அதிகமாகிவிட்டது' என்கிறாய். பிறகு ஆகாமல்?

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன், உன்னைவிடப் பெரிதாக. 1986இல் வேலைக்குச் சேர்ந்த புதிது. பருத்தியில் காய்ப்புழு. அப்போது புதிதாக வந்திருந்த பைரெத்ராய்டு மருந்துகளை எல்லாரும் கொண்டாடினார்கள். நானும் ஊர் ஊராகப் போய்ச் சொன்னேன். முதல் அடியில் புழு செத்தது. மூன்றாவது, நான்காவது அடிக்குப் பிறகு ஒரு விவசாயி என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் செடியைத் தட்டிக் காட்டினார். வெள்ளை ஈ புகை மாதிரி எழும்பியது. "நீங்க சொன்ன மருந்தைத்தானுங்க அடிச்சேன். புழு போயி ஈ வந்திருக்கு" என்றார். வெள்ளை ஈயைத் தின்று கொண்டிருந்தவற்றையெல்லாம் நாங்களே கொன்றிருந்தோம். பருத்தி விளையும் பல மாவட்டங்களில் அப்போது இதே கதைதான். அன்றைக்கு அவர் வீட்டில் மோர் கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை. அதிலிருந்து எந்தப் பூச்சியையும் லென்ஸ் வைத்துப் பார்க்காமல் மருந்து எழுதிக் கொடுத்ததில்லை.

நீ கிளம்பும்போது பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கொடுத்தேனே, எங்கே வைத்திருக்கிறாய்? தேடி எடு. இனிமேல் அது உன் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

முதல் படத்தில் குருத்துக்குக் கீழே வெளிர்பச்சையாக மொய்த்துக்கொண்டிருப்பதுதான் அசுவினி. லென்ஸில் பார்த்தால் பின்பக்கம் இரண்டு சின்னக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் அடையாளம். கஞ்சாச் செடியையே நம்பி வாழும் தனி இனம் ஒன்று உண்டு, இது அதுவாகத்தான் இருக்க வேண்டும். கோடை முழுக்க ஆண் துணையே இல்லாமல் தாய் நேராகக் குட்டி போடும். அதனால்தான் நேற்று பத்து இருந்த இடத்தில் இன்றைக்கு நூறு. எறும்பு ஏறுகிறதா என்று பார். அசுவினி கழிக்கும் தேன்நீருக்காக எறும்பு வரும், வந்தால் பொறிவண்டை விரட்டும். மருந்தெல்லாம் வேண்டாம். காலையில் தண்ணீர்க் குழாயை எடுத்து, கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு, இலையின் அடிப்பக்கமாகப் பீய்ச்சி அடி. மூன்று நாளுக்கு ஒரு முறை. கீழே விழுந்ததில் பெரும்பாலானவை திரும்பி ஏறாது.

நான்காவது படத்தில் இலை ஓரம் கருகியிருக்கிறதே, அது எந்தப் பூச்சியும் இல்லை. நீ செய்தது. பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து உச்சி வெயிலில் அடித்திருப்பாய், சரிதானா? இங்கே நாங்கள் காதி சோப்புக் கரைசல் அடிப்போம் என்று சொன்னது நினைவில் இருந்திருக்கும். அதுவும் இதுவும் ஒன்றில்லை. செடிக்கென்றே விற்கும் பூச்சி சோப்பு உங்கள் தோட்டக் கடையில் கிடைக்கும். அதையும் சாயங்காலம்தான் அடிக்க வேண்டும், முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு.

மூன்றாவது படம், இலை மேல் ஊசியால் குத்தியது போல வெளிர்மஞ்சள் புள்ளிகள். சிலந்திப்பேன் என்று சந்தேகப்படுகிறேன். ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டு. மிளகாய்த்தூள் துகள் மாதிரி ஏதாவது நகர்ந்தால் அதுதான். எட்டுக் கால், பூச்சியே இல்லை, சிலந்தி வகை. நல்ல வெயிலில் முட்டை ஒரு வாரத்தில் தாயாகிவிடும், அதனால் தள்ளிப் போடாதே. புழுதியும் வறட்சியும்தான் அதற்குச் சொர்க்கம். அடிப்பக்கத்தை நனைத்துக் கழுவினாலே பாதி அடங்கும். மெல்லிய நூல் கட்டியிருக்கும் இலைகளைக் கிள்ளிப் பையில் போட்டு மூடிவிடு. ஆறாவது படத்தில் வெள்ளிக் கோடும் கறுப்புப் புள்ளியும் இருப்பது இலைப்பேன். அது கொஞ்சம்தான் இருக்கிறது, விட்டுவிடு.

பச்சைத் தலை, செம்பு நிற முதுகு, வயிற்று ஓரமாக வெள்ளை மயிர்க்குஞ்சம் என்று மினுமினுக்கும் ஏழாவது படத்து வண்டு, ஜப்பான் வண்டு. அமெரிக்காவில் 1916இல் நியூ ஜெர்சியில் முதலில் கண்டுபிடித்தார்கள், அங்கிருந்து பரவியது. நரம்பை விட்டுவிட்டு இலையைச் சல்லடை ஆக்கும். விடியற்காலையில் குளிருக்கு மந்தமாக இருக்கும். சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே பிடித்துத் தட்டிவிட்டால் போதும். கடையில் பொறி விற்பார்கள், வாங்காதே. வாசனைக்குப் பக்கத்துத் தெரு வண்டெல்லாம் விருந்துக்கு வரும், பொறிக்குள் போவது கொஞ்சம்தான்.

எட்டாவது படத்தைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே நாலைந்து மட்டும் உப்பி, கோதுமை நிறத்தில் காய்ந்து கிடக்கின்றன, பார்த்தாயா? அவற்றுக்குள் குளவி வளர்கிறது. ஒட்டுண்ணிக் குளவி. ஒரு வாரத்தில் முதுகில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும், வந்ததும் அடுத்த அசுவினியில் முட்டை வைக்கும். அந்த இலையைத் தொடாதே, அதில் தண்ணீரும் பீய்ச்சாதே. நீ பத்தாவது படிக்கும்போது பப்பாளி மாவுப்பூச்சி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 2008இல் கோவையில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையடித்த மாதிரி ஆக்கியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்து, வேளாண் பல்கலைக்கழகத்தில் பெருக்கிக் கொடுத்தார்கள். நான் குப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நீ வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்லையேப்பா" என்றாய். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த ஒன்றுமில்லாததுதான் சில மாதங்களில் மாவுப்பூச்சியை அடக்கியது.

பதினோராவது படத்தில் இலையிலிருந்து நூல் நூலாகத் தொங்கி நுனியில் வெள்ளை மணி வைத்திருப்பதும் நம் ஆள்தான், கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. நல்லவேளை, அதைக் கொல்லாமல் படம் மட்டும் எடுத்தாய்.

எனக்கு உண்மையில் கவலை ஒன்பதாவது படம்தான். தண்டில் சின்ன ஓட்டை, வாயில் மரத்தூள் மாதிரி எச்சம், அதற்கு மேலே கிளை லேசாக வாடியிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மக்காச்சோளக் காடு என்று சொன்னாய் அல்லவா? ஐரோப்பியச் சோளத் தண்டு துளைப்பான். அது அமெரிக்காவில் கண்ணில் பட்டது 1917இல், பாஸ்டன் பக்கம். மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போவதற்கு முன் அது கஞ்சாச் செடி போன்றவற்றில்தான் வாழ்ந்தது என்று பூச்சியியல்காரர்கள் சொல்வார்கள். பழைய வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்.

உள்ளே போன பிறகு வெளியே எதை அடித்தும் பயனில்லை. தென்னையில் தாத்தா காண்டாமிருக வண்டைக் கம்பி வைத்துக் குத்தி எடுப்பாரே, அதே வைத்தியம். சின்னக் கிளை என்றால் ஓட்டைக்குக் கீழே வெட்டி எடுத்துவிடு. நடுத்தண்டு என்றால், ஓட்டையில் இருந்து மேல்நோக்கி நீளவாக்கில் பிளேடால் கீறு, குறுக்கே அறுக்காதே. உள்ளே கறைபடிந்த சுரங்கம் தெரியும், அதன் கடைசியில் புழு இருக்கும். எடுத்துப் போட்டுவிட்டு, பிளவைச் சேர்த்து நாடாவால் சுற்றிவிடு. தண்டு ஆறிவிடும்.

இந்த மாதம் அடுத்த தலைமுறை அந்துப்பூச்சி பறக்கும். இலை அடியில் மீன் செதில் அடுக்கின மாதிரி முட்டைக் குவியல் இருந்தால் நசுக்கு. அது பொரிந்து வரும் குட்டிப் புழுவுக்கு பி.டி. என்ற பாக்டீரியா மருந்து கேட்கும். அது வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும், வெயில் பட்டால் வீணாகும். ஆகவே சாயங்காலம், இலையின் அடியும் நனையும்படி. பொறிவண்டுக்கும் குளவிக்கும் அது ஒன்றும் செய்யாது.

பூக்கொத்து திரண்ட பிறகு அதையும் நிறுத்திவிடு என்பேன். வேப்பெண்ணெய் அடிக்கட்டுமா என்று நீயே கேட்டாய். வேண்டாம். அந்தப் பிசின் பூவில் ஒட்டினால் போகாது, மாப்பிள்ளையின் எண்ணெயும் நாறும். தக்காளியைக் கழுவித் தின்னலாம், இதைக் கழுவ முடியாது. சிலர் பற்ற வைத்து இழுக்கிறார்கள் வேறு. நம் திராட்சைத் தோட்டங்களில் சாம்பல் நோய்க்கு அடிக்கும் மைக்ளோபியூட்டனில் என்ற மருந்து நன்றாகச் சூடேறினால் ஹைட்ரஜன் சயனைடு வாயுவை விடும். 2016-17இல் உங்கள் நாட்டிலேயே, மருத்துவத்துக்கென்று உரிமம் வாங்கி விற்ற கஞ்சாவில் அது இருந்ததென்று சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். எவ்வளவு நல்ல கடைக்காரர் கொடுத்தாலும், டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் தெளிக்காதே.

செப்டம்பரில் பூக்கொத்துகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார். நம் தக்காளிக் காய்ப்புழுவின் பங்காளி ஒன்று தெற்கே இருந்து காற்றோடு வந்து பூவுக்குள் புகும். கொத்தில் ஒரே ஒரு குட்டி இலை மட்டும் காரணமில்லாமல் காய்ந்திருந்தால் அதைப் பிடித்து இழு. சுலபமாகக் கையோடு வந்தால் உள்ளே புழுவின் எச்சம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு சாம்பல் பூசணம் ஏறியிருக்கும். அந்தக் கொத்தை, சுற்றிலும் நல்லதாக இருக்கும் பகுதியோடு சேர்த்து வெட்டி எறி. பாவம் பார்க்காதே. மழை விட்டதும் செடியை உலுக்கிவிடு, உட்பக்க இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடு. அறுவடை முடிந்ததும் தண்டை அங்கேயே போட்டு வைக்காதே. துளைப்பான் புழு அதற்குள்தான் குளிர்காலத்தைக் கழிக்கும், அசுவினியின் முட்டையும் அந்தக் குப்பையில்தான் இருக்கும்.

தண்டைக் கீறியதும் புழுவையும் சுரங்கத்தையும் படமெடுத்து அனுப்பு. பத்தாவது படம் கை ஆடி மங்கலாக இருக்கிறது, அதையும் மறுபடி எடு.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா வந்து தோளுக்கு மேலாக என் போனை எட்டிப் பார்த்துவிட்டாள். "அந்தக் குளிர்லயும் புளிச்சகீரை இவ்வளவு செழிப்பா வந்திருக்கே" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. தொக்கு கிண்டும் பக்குவத்தை நாளைக்கு உனக்கு வாய்ஸ் மெசேஜில் அனுப்புவாளாம். கேட்டு வைத்துக்கொள்.

அன்புடன்
அப்பா