முதல் கீமோவுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 29 வயதில் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. முதல் கீமோ அன்று காலை ஃபைலை நிரப்பிக்கொண்டிருந்த செவிலியர், "எத்தனை குழந்தைங்க?" என்றார். "இன்னும் இல்லை சிஸ்டர்" என்றேன். கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அதற்கப்புறம் எத்தனையோ மருத்துவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டினார்கள். முடி கொட்டும், வாந்தி வரும், வாய்ப்புண் வரும் என்றெல்லாம் சொன்னார்கள். கருமுட்டைகள் அழிந்துபோகலாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

கீமோ முடிந்து ஒன்றரை வருடமாகியும் மாதவிலக்கு திரும்பவில்லை. சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த மகப்பேறு மருத்துவர்தான், "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முட்டையை எடுத்து உறைய வெச்சிருக்கலாமேம்மா" என்றார். அதற்கு இரண்டு வாரம் போதுமாம். பயாப்சி முடிவுக்கும் ஸ்கேனுக்குமே நான் அதைவிட அதிக நாள் காத்துக்கிடந்தேன் ஐயா.

சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து சினைப்பையைக் கெடுக்கும் என்பது மருத்துவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. சிகிச்சைக்கு முன்பே இதைப் பேச வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2006-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கச் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையைக் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டுக் கருத்தரிக்க முயன்ற பெண்களுக்கு, முதல் சில ஆண்டுகளில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023-ல் வெளியான 'பாசிட்டிவ்' ஆய்வு சொன்னது. இவ்வளவு தெரிந்த பிறகும் எங்களிடம் ஏன் சொல்வதில்லை?

"உயிர் தப்பினதே பெரிசு, இப்போ குழந்தையா முக்கியம்?" என்று கேட்காத ஆள் இல்லை. உயிர் தப்பியதால்தானே கேட்கிறேன்! அடுத்த நாற்காலியில் கீமோ ஏற்றிக்கொண்ட கல்லூரிப் பையனுக்கும் யாரும் சொல்லவில்லை. விந்தணுவைச் சேமிக்க ஒரு நாள் போதும். கல்யாணமாகாத பெண்ணிடம் இதைப் பேசவே கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுப்பது அவள்தான்.

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: முதல் கீமோவுக்கு முன்னால் சொல்லுங்கள். விருப்பப்படுபவரைத் தாமதிக்காமல் கருத்தரிப்பு மையத்துக்கு அனுப்புங்கள். கீமோவுக்குக் கைகொடுக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே அந்தச் செலவையும் சேருங்கள். நகையை விற்றுத்தான் முட்டையைக் காக்க வேண்டும் என்ற நிலை வேண்டாம்.

அப்புறம், அந்த ஃபைலில் பூஜ்யம் போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்க்க ஆணையிடுங்கள்: 'பிற்காலத்தில் குழந்தை வேண்டுமா என்று கேட்கப்பட்டதா?'

இப்படிக்கு,
சிகிச்சை முடித்த ஒரு பெண்
திருச்சி மாவட்டம்