அப்பா இரண்டாவது கறிவடைக்குக் கை நீட்டினார்

கொலம்பஸ், ஒஹாயோ
நவம்பர் 16, ஞாயிறு

அன்புள்ள குமரேசா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் வீட்டில் உள்ளவர்களும் நலம் என்று அப்பா சொன்னார். உன் செய்தி எல்லாம் இப்போது அவர் வழியாகத்தான் எனக்கு வருகிறது. தினமும் காலையில் நீ அனுப்பும் ரோஜாப்பூ வணக்கங்களைக் கடிதக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை, சொல்லிவிட்டேன். போனும் எடுக்க மாட்டாய். நீ ஓய்ந்து உட்காரும் மதியம் எனக்கு நடுராத்திரி. எனக்குத் தோதான காலை நேரத்தில் உன் கடையில் புரோட்டாக் கூட்டம். சரி, என் பங்குக்கு நானும் ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு வரி எழுதவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நேற்று ராத்திரி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அப்பா இரண்டாவது கறிவடைக்குக் கை நீட்டினார். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். 'இதுக்கா ஏலே இம்புட்டு எழுதுன' என்று கேட்பாய். கேள், முழுசாகச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் அவர் வந்து இறங்கியபோது ஆள் பாதியாக இருந்தார். நீ முன்னாலேயே சொன்னாய், நான்தான் நீ மிகைப்படுத்துகிறாய் என்று நினைத்தேன். 54 கிலோ. ஸ்டென்ட் வைத்த பிறகு ஆட்டுக்கறியைக் குறைக்கச் சொன்னார்கள் அல்லவா, அவர் அடியோடு விட்டுவிட்டார். போதாததற்குப் புதுப் பல்செட், கீழ்வரிசை ஆடுகிறது. காலையில் இரண்டு இட்லி, மதியம் தயிர்சாதம், ராத்திரியும் தயிர்சாதம். இன்னும் கொஞ்சம் என்றால் 'போதும்ப்பா'. அந்த 'போதும்ப்பா'வை மூன்று மாதம் கேட்டு எனக்கு நெஞ்சு அடைத்துப்போனது.

இந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சாப்பிடுவதும் குறைவு. தேவிக்கு வாரத்தில் மூன்று நாள் நைட் ஷிஃப்ட். கவின் பயிற்சி முடிந்து ஒன்பது மணிக்கு வந்து எதையாவது சூடுபண்ணித் தின்பான். யாழினிக்குப் பாஸ்தா. அப்பா ஏழு மணிக்கே தனியாக உட்கார்ந்து முடித்துவிடுவார், தட்டையும் கழுவி வைத்துவிடுவார். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே பண்டத்தைச் சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. யாழினியிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். பர்கர் என்றாள். மாட்டுக்கறி நம் வீட்டுப் பக்கம் வராது, அதனால் வான்கோழி. நவம்பரில் இங்கே கடைக்குக் கடை வான்கோழிதான். மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள், முழுப் பறவைகள் பந்து பந்தாகக் குளிர்பெட்டியில் அடுக்கிக் கிடக்கும். அதன் கொத்துக்கறி வருஷம் முழுக்கக் கிடைக்கும். பாக்கெட்டைப் பார்த்ததும் அப்பா, "மயிலப் பாத்து ஆடுச்சே, அதானே இது?" என்றார். வந்ததிலிருந்து அவராகக் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன்.

முதல் தடவை தோற்றேன். அப்பாவின் இதயத்தை நினைத்து 99 சதவீதம் கொழுப்பில்லாத பாக்கெட்டை வாங்கினேன். அது முழுக்க நெஞ்சுக்கறி. உருட்டித் தட்டி, ஓவனில் 350 டிகிரியில் (இங்கே எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு) நாற்பது நிமிடம், சிவப்பு துளிகூடத் தெரியக் கூடாது என்று வைத்தேன். வெளியே எடுத்தால் மரத்தூளை அமுக்கி வைத்தது போல இருந்தது. யாழினி கெட்சப்பில் முக்கிச் சாப்பிட்டாள். அப்பா ஒரு வாய் மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பிறகு தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு "நல்லா இருக்குப்பா" என்று சொல்லித் தயிர் ஊற்றிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டாவது தடவை உன் அம்மாவின் கோலா உருண்டை நினைவுக்கு வந்தது. பொட்டுக்கடலை மாவை அள்ளிப்போட்டு, உப்பையும் சேர்த்து, சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தேன். ரப்பர். அழுத்தம் தாங்காமல் அப்பாவின் பல்செட் கழன்றே வந்துவிட்டது, பிள்ளைகள் முன்னால். அவர் எழுந்து போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இவரை நாற்பத்தெட்டு வருஷம் அம்மா எப்படிச் சாப்பிட வைத்தாள் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். கறியைத் தனியாக எடுத்துவைத்துக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கி நசுக்கிப் போடுவாளே, பார்த்திருப்பாய்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். புரோட்டாக் கடைக்காரனான உனக்கு இதில் பாதி கைப்பழக்கத்திலேயே தெரிந்திருக்கும், காரணம் மட்டும் சொல்கிறேன். கறி சூடேறும்போது அதன் நார்கள் சுருங்குகின்றன, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி உள்ளே இருக்கும் நீரை வெளியே தள்ளுகின்றன. சூடு ஏற ஏறப் பிழிவதும் கூடும். வான்கோழியில் கொழுப்பு குறைவு, அதனால் நீர் போன இடத்தில் வழுவழுப்பாக நிற்க ஒன்றும் இல்லை. உப்பு போட்டுப் பிசைந்தால் மயோசின் என்ற புரதம் கரைந்து வந்து கறியைப் பசை போல ஒட்டவைத்துவிடும். சாசேஜுக்கு அதுதான் வேண்டும், கறிவடைக்கு அதுவே விஷம். முதல் தடவை சூட்டை ஏற்றிப் பிழிந்தேன், இரண்டாவது தடவை உப்போடு பிசைந்து ஒட்டவைத்தேன்.

நேற்றுச் செய்ததைச் சொல்கிறேன், கவனமாகக் கேள், பின்னால் உனக்கு வேலை இருக்கிறது. 93 சதவீதப் பாக்கெட் இரண்டு, பாக்கெட்டுக்கு ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம். நூறு கிராமில் ஏழு கிராம்தான் கொழுப்பு. அந்த அளவு பரவாயில்லை, எப்போதாவதுதானே என்று தேவியும் சொன்னாள். மூன்று ஸ்லைஸ் ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டு, அரை டம்ளர் பாலில் ஊறவைத்துக் கூழாக மசித்தேன். விஷயமே இந்தக் கூழில்தான். பாலைக் குடித்து உப்பிய ரொட்டி, நார்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டு அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்க விடாது. தன் ஈரத்தையும் விடாது. பொட்டுக்கடலை மாவை நான் உலர்ந்தபடியே போட்டேன், அது கறியில் இருந்த நீரையே குடித்துவிட்டது.

ஒரு வெங்காயத்தைத் துருவிச் சாற்றோடு சேர்த்தேன். கால் பவுண்டு காளானைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். பூண்டு, பச்சைமிளகாய் ஒன்று, மல்லித்தழை, இடித்த சோம்பு, மிளகுத்தூள், ஒரு கரண்டி எண்ணெய். உப்பு மட்டும் உள்ளே கிடையாது. எல்லாவற்றையும் விரல்நுனியால், அவல் பிசிறுகிற மாதிரி, ஒன்று சேர்ந்ததும் விட்டுவிட வேண்டும். கையில் எண்ணெய் தடவி எட்டாகத் தட்டினேன், பன்னைவிடச் சற்று அகலமாக, ஏனென்றால் வெந்தால் சுருங்கும். நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. உளுந்தவடைக்கு ஓட்டை போடுகிறோம் இல்லையா, அதே புத்திதான். ஓரம் முதலில் வெந்து இறுகும்போது நடுப்பகுதி பந்து போல உப்பிவிடும், குழி இருந்தால் சமமாக நிற்கும். உப்பைக் கடைசியில் இரண்டு பக்கமும் தூவினேன்.

ஓவனை 425 டிகிரிக்கு ஏற்றி, தட்டையும் உள்ளேயே வைத்துச் சூடாக்கினேன். சூடான தட்டில் வைத்ததும் 'சொய்' என்றது. உன் கல்லில் கேட்கும் அதே சத்தம், அதைக் கேட்டதுமே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. எட்டு நிமிடத்தில் ஒரு திருப்பு. அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, தெர்மாமீட்டரைத்தான் பார்த்தேன். தேவி வாங்கித் தந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் எண்ணாகப் பார்த்துப் பழகியவள், "கண்ணால பாத்து வேகலன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று ஒரே கேள்வி கேட்டாள். அதன் முள்ளைக் கறிவடையின் பக்கவாட்டில் நடுவரை குத்திப் பார்க்க வேண்டும். 165 டிகிரி, நம் செல்சியஸில் 74. கோழி, வான்கோழிக் கொத்துக்கறிக்கு இங்கே அரசாங்கம் வைத்திருக்கும் எல்லை அது. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேல்பக்கம்தான் இருக்கும். கொத்தும்போது மேலே இருந்தது உள்ளே எல்லாம் கலந்துவிடுகிறது, அதனால் நடுவரை அந்தச் சூடு போயாக வேண்டும். ஆனால் அதைத் தாண்டிப் போக வேண்டியதே இல்லை. நான் முதல் தடவை நிறம் மாறக் காத்திருந்தேன் பார், அங்கேதான் எல்லாச் சாறும் போனது. சரியாக வெந்த பிறகும் வான்கோழி உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியலாமாம். நிறத்தை நம்பக் கூடாது.

பதினாறு நிமிடத்தில் 165 காட்டியது. எடுத்து ஐந்து நிமிடம் மூடிவைத்தேன். அந்த ஐந்து நிமிடம் ஐந்து பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கவினைக்கூடப் பயிற்சிக்கு அனுப்பவில்லை.

அப்பாவுக்குப் பன்னில் வைத்து நான்காக வெட்டிக் கொடுத்தேன். பிட்டுப் பார்த்தார். "வேகலையேப்பா, உள்ள சிவப்பா இருக்கு" என்றார். யாழினி ஓடிப்போய்த் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து அவர் கண் முன்னாலேயே குத்திக் காட்டினாள். தாத்தா கண்ணாடி போட்டு எண்ணைப் படித்தார். பிறகு வாயில் வைத்தார். நான் அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன், குமரேசா. அது நிற்கவே இல்லை. நான்கு துண்டும் போனது. விரலில் வழிந்த சாற்றைப் பன்னால் துடைத்து அதையும் சாப்பிட்டார். "இதுக்கு எதுக்கு பர்கர்னு பேரு, இது கறிவடை" என்றார். அப்புறம் யாரும் எதுவும் சொல்லாமல் இருக்கும்போது, பன் இல்லாமல் இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே, "உங்க அம்மா இருந்தா இதுல கொஞ்சம் கசகசா போடச் சொல்லிருப்பா" என்றார்.

பதினாலு மாதமாக அவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னிடம் இல்லை, தேவியிடம் இல்லை. உன்னிடம் பேசினாரா? நேற்று யாழினி "பாட்டி வேற என்னல்லாம் போடுவாங்க தாத்தா?" என்று கேட்டாள். பத்தரை மணி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டை வீட்டு அம்மி, பொங்கலுக்குக் கிழங்கு வேகவைத்த பானை, உன் கடை திறந்த அன்று அம்மா உனக்குக் கொடுத்த எவர்சில்வர் வாளி. அந்த வாளி இன்னும் இருக்கிறதாமே? எனக்குத் தெரியாது.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். அம்மா போன அன்று நான் வந்து சேர முப்பத்தோரு மணி நேரம் ஆனது. அதுவரை ஐஸ்பெட்டிக்குச் சொன்னதும், பந்தல் போட்டதும், அப்பாவை உட்காரவைத்துக் காபி குடிக்க வைத்ததும் நீ. மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை என்று லாரன்ஸ்தான் சொன்னான். பதினாறாம் நாள் முடிந்து நான் கிளம்பியபோது ஸ்டேஷனில் உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன், நீ உடனே லாரன்ஸ் கல்யாணத்து அண்டாக் கதையை எடுத்துவிட்டாய். சிரித்துக்கொண்டே ரயில் ஏறினேன். சொல்லாமல் விட்டதை வைத்துக்கொண்டு வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் எழுதவே இல்லை. இப்போது சொல்கிறேன்: ஒரு மகன் செய்ய வேண்டியதை எனக்குப் பதிலாக நீ நின்று செய்தாய். எழுதிவிட்டேன், இனி நீ பேச்சை மாற்ற முடியாது.

அடுத்த கவலை ஜனவரி. 10ஆம் தேதி அவருக்கு டிக்கெட். இருங்கள் என்றால் கேட்கவில்லை, தன் வீட்டில் இருக்க வேண்டும் என்கிறார், அது நியாயமும்தான். அங்கே போய் மறுபடியும் மூன்று வேளையும் தயிர்சாதம் ஆகிவிடும் என்பதுதான் என் பயம். உன் ஊரில் வான்கோழிக்கும் ஓவனுக்கும் நீ எங்கே போவாய்? ஆனால் கோழியின் தொடைக்கறியைத் தோல் இல்லாமல் கொத்தி எடுத்தால் இதைவிட ஈரம் நிற்கும் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் அப்படியே. ரொட்டியும் பாலும் மறக்காதே, உப்பு வெளியே, பிசையாதே. உன் கல்லில் ஓரமாக, தீ குறைவாக, மேலே ஒரு மூடி போட்டுச் செய்து பார். காரத்தில் உன் சால்னாக் கையைக் காட்டாதே, அவருக்குத் தாங்காது. முதலில் நீ ஒன்று செய்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்குச் சொல், தப்பு இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு நாள் போதும். பல்செட்டைச் சரிபண்ண இங்கேயே நாள் வாங்கிவிட்டேன்.

அப்பா பெட்டியில் உனக்கு ஒரு தெர்மாமீட்டர் வைக்கிறேன். பேட்டரி போட்டுத்தான் இருக்கும். செல்சியஸுக்கு மாற்றி வைத்துவிடுகிறேன், 74ஐ மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

கசகசா இன்று வாங்கி வந்துவிட்டேன். பாலோடு சேர்த்து ஊறவைப்பதா, வறுத்து அரைத்துப் போடுவதா என்று உன் அம்மாவிடம் கேட்டு எழுது. சனிக்கிழமைக்குள் தெரிய வேண்டும்.

உன்
சண்முகம்