வார்டு முடிந்த பிறகு எந்த வீடு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 'சாலையில் திரிந்த மனநோயாளி மீட்பு. காப்பகத்தில் ஒப்படைப்பு' என்ற செய்தி எல்லா நாளிதழ்களிலும் அடிக்கடி வருகிறது. கூடவே சடையோடு ஒரு படம், மொட்டையடித்துக் குளிப்பாட்டிய பின் ஒரு படம். சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 24-ஆம் பிரிவு. இந்தப் படங்களை உங்கள் இதழ் நிறுத்தினால் மற்றவர்களும் யோசிப்பார்கள்.

ஒப்படைத்த பின் அந்த மனிதர் என்ன ஆனார் என்பது செய்தியில் வருவதில்லை. அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் திரியும் ஒருவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் கடமை (அதே சட்டம், பிரிவு 100). லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் 'காணாமல் போனவர்' என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தையும் தேட வேண்டும். நடைமுறையில் நழுவுவது இந்தப் பதிவுதான். ராத்திரி வார்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டால், எந்த இடத்தில், எந்தத் தேதியில் கிடைத்தார் என்பதுகூட எழுத்தில் இருக்காது. இன்னொன்று, பேன், சிரங்கு என்று சொல்லி அவருடைய துணி மூட்டையை அப்படியே எரித்துவிடுகிறார்கள். பழைய ரயில் டிக்கெட், போன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு, கோயில் ரசீது எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். எரிக்கும் முன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

வார்டில் முதல் வாரம் மனநோய் மாத்திரையோடு உடம்பையும் பார்க்க வேண்டும். ரத்தசோகை, காசநோய், சர்க்கரை, புழு வைத்த புண், பெண்களுக்குக் கர்ப்பம். நாள் கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு இரக்கப்பட்டு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுப்பது ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து உயிருக்கே உலை வைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

தெளிவு வர வாரங்கள் ஆகும். பிறகு ஊரைக் கேட்கும்போது மாவட்டம், பின்கோடு என்று ஆரம்பித்தால் பதில் வராது. பக்கத்துச் சந்தை எது, எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறுவீர்கள், ஆற்றுக்கு என்ன பெயர் என்று அவர் மொழியில் கேட்டால் வரும். வங்காளமோ ஒடியாவோ பேசுபவரிடம் தமிழில் கேட்டுவிட்டு 'முகவரி தெரியவில்லை' என்று எழுதுவது பெரிய அநியாயம். ஆதாருக்குக் கைரேகை வைத்தபோது பழைய பதிவு கிடைத்து வீடு போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு.

தமிழக அரசு சில மாவட்டங்களில் தொடங்கிய அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இதுவரையான வேலையைச் செய்ய ஏற்றவை. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. வீடு இல்லாதவர், வீடு இருந்தும் ஏற்க ஆளில்லாதவர் எங்கே போவார்? குடும்பம் இல்லை என்பதற்காகவோ, வெளியே வசதி இல்லை என்பதற்காகவோ ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 19-ஆம் பிரிவு. ஆனாலும் குணமானவரின் கட்டில் காலியாகாததால், தெருவில் கிடக்கும் அடுத்தவருக்கு இடமில்லாமல் போகிறது.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. 1993-இல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில் சாதாரணத் தெருக்களில் வீடு வாடகைக்கு எடுத்து, நான்கைந்து பேரைச் சேர்ந்து குடியிருக்க வைத்து வருகிறது. துணைக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர்.

கேட்க எளிது, கெடுவதும் எளிது. நான்கு பேர் வீட்டில் பத்துப் பேரை அடைத்தால் அது குட்டி ஆஸ்பத்திரி. யாரோடு யார் தங்குவது என்பதை வார்டு பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யாமல் அவர்களே சொல்ல விட வேண்டும். சில நாள் தங்கிப் பார்த்து மாற்றிக்கொள்ளவும் இடம் வேண்டும். வாசல் சாவி குடியிருப்பவர் கையில் இருக்க வேண்டும். பணியாளரே மூன்று வேளையும் சமைத்துப் போட்டால், பல வருடம் தட்டு ஏந்தி நின்றவர் அடுப்பைத் தொடவே மாட்டார். ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்தது என்று பஸ் வராத இடத்தில் வீடு பிடித்தால் கடைக்கும் போக முடியாது, வேலைக்கும் போக முடியாது. வீட்டுக்காரரிடம் விஷயத்தை மறைக்கவே கூடாது. பாதியில் தெரிந்தால் மறுநாளே காலி செய்யச் சொல்வார். முன்பே சொல்லி, இரவிலும் எடுக்கப்படும் ஒரு போன் நம்பரை அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்து வைத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாது என்று காட்டும் மாற்றுத்திறனாளிச் சான்று ஆகியவற்றை வார்டில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

மீட்பு மையங்களுக்கான நிதியிலேயே வீட்டு வாடகை, முன்பணம், பணியாளர் சம்பளம் மூன்றுக்கும் தனித் தலைப்பு ஒதுக்க வேண்டும். அதில் ஒரு விதியைக் கட்டாயம் எழுத வேண்டும். தொடர்ந்து சில இரவு தூக்கம் இல்லை, சாப்பாடு குறைகிறது, மாத்திரையை ஒதுக்குகிறார் என்றால் நோய் திரும்புகிறது என்று பொருள். மறுபடி வார்டில் சேர்க்க நேரலாம். அப்போது அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் அவர் திரும்பிப் போவது தெருவுக்குத்தான். சிகிச்சை முடியும்வரை அவருடைய அறையும், பாயும், பெட்டியும் அப்படியே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மனநலச் சமூகப் பணியாளர் ஒருவர்,
வேலூர்