அரையாண்டு நிறைவில் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் நம் பிள்ளைகள் சிறப்பாகப் பங்கேற்றார்கள். கையெழுத்துப் போட்டியிலும் பரிசுகள் வந்துள்ளன. அனைவருக்கும் பாராட்டுகள்.

அடுத்தது, பள்ளியின் அலாரம். மாலை வேளைகளில் அது தானாகவே அலறுகிறது, கருவி பழுது, வாட்ச்மேன் கவனிப்பதில்லை என்றெல்லாம் பேச்சு எழுந்திருக்கிறது. அக்கம்பக்கத்து வீட்டாரும் முறையிட்டுவிட்டார்கள். எனவே பராமரிப்பாளரை வரவழைத்து, கருவியின் பதிவை அவருடன் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன்.

அலுவலகச் சுவரில் இருக்கும் அந்தப் பெட்டி லேசுப்பட்டதல்ல. எந்தக் கதவு எப்போது திறந்தது, எந்த இடத்தில் அசைவு தெரிந்தது, எந்த ரகசிய எண்ணால் அலாரம் அணைக்கப்பட்டது என எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துவைக்கிறது. கோளாறுகளுக்குத் தனி வரி: மின்சாரம் போனால் ஒன்று, வந்தால் ஒன்று; பேட்டரி இறங்கினாலும், கம்பி அறுந்தாலும், கருவியின் மூடியை யாராவது கழற்றினாலும் தெரிந்துவிடும். இடம் நிரம்பினால் பழைய வரிகள் போய்ப் புதியவை ஏறும். வேண்டாத வரியை மட்டும் அழிக்க என் எண்ணாலும் முடியாது.

கோளாறு என்று பதிவாகியிருந்தவை மின்தடைகளும் வலுவிழந்த பேட்டரியும்தான். பேட்டரியை மாற்றியாயிற்று. கடிகாரமும் சரியாகவே ஓடுகிறது. சைரன் ஒலித்த மாலைகளிலோ கோளாறே இல்லை. பக்கவாட்டுக் கதவு திறப்பு, ஏழாம் வகுப்பு நடையில் அசைவு, சைரன். பிறகு, விழா ஏற்பாடுகளுக்காகப் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குக் கொடுத்திருந்த பொது எண்ணால் அணைப்பு. ஒவ்வொரு முறையும் இதே வரிசை. கதவைத் திறந்ததும் எண்ணை அழுத்த 30 நொடி அவகாசம் உண்டு. நேரே வகுப்பறைக்குப் போய்விட்டால் அலாரம் சும்மா இருக்காது. மறந்துபோன கணக்கு நோட்டுக்காகத்தான் வந்திருப்பீர்கள். மறுநாள் தேர்வு என்றால் எந்த வீட்டிலும் பதற்றம் இருக்கும்.

ஆனாலும், பூட்டிய பள்ளிக்குள் அனுமதியின்றி நுழைவதைப் பெற்றோரே ஆனாலும் ஏற்பதற்கில்லை. கழகத்திடம் கொடுத்த சாவியும் எண்ணும் கைமாறியது பெருந்தவறு. அந்த எண் இன்றோடு நீக்கப்படுகிறது. இனிப் பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனி எண். அதைக்கொண்டு நடப்பதற்கு அவரே பொறுப்பு. சாவியையும் அதன் நகல்களையும் பள்ளி திறக்கும் முதல் நாளே அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இதுவரை வந்தவர் யார் என்று பொது எண் காட்டாது. நானும் விசாரிக்கப்போவதில்லை.

வாட்ச்மேன் தினமும் குறித்த நேரத்தில் அலாரத்தை இயக்கியிருப்பதும் அதே பதிவில் உள்ளது. அவரைக் கடிந்துகொண்டவர்கள் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் மகிழ்வேன். நோட்டு மறந்துவிட்டால் மாலை ஆறு மணிக்குள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறோம்.

சைரன் கேட்டதும் ஓடிவந்து பார்த்த பெற்றோர்களுக்கும், இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் மனமார்ந்த நன்றி. பிள்ளைகளுக்கு இனிய விடுமுறை வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்