நீலகிரி மலை ரயில் மழைக்கால ரத்தை முன்தினமே அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
மலை ரயில் பயணிகள் மற்றும் ஆர்வலர்கள்,
மேட்டுப்பாளையம்.

பெறுநர்
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே, சேலம் கோட்டம்.

பொருள்: மண்சரிவால் மலை ரயில் ரத்தாகும் நாட்களில் பயணிகளுக்கு முன்னறிவிப்பும் மாற்று ஏற்பாடும் செய்து தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதை 1899-இல் திறக்கப்பட்டு, 1908-இல் உதகை வரை நீண்டது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மொத்தம் சுமார் 46 கி.மீ. இருந்தாலும், வெளியூர்க்காரர்கள் தேடி வருவது கல்லாறு முதல் குன்னூர் வரை நீராவி இன்ஜின் ஏறும் பற்சக்கரப் பகுதியைத்தான். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

சரிந்த மண்ணை அள்ளிவிட்டால் உடனே ரயிலை விடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கை எங்களுடையது அல்ல. தண்டவாளங்களுக்கு நடுவே, ஒன்றின் பல் வரும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி, இரண்டு பல்சட்டங்கள் பக்கம் பக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் இன்ஜினின் பற்சக்கரம் அவற்றைப் பற்றித்தான் ஏறுகிறது. இறங்கும்போதும் அதே பிடிதான் வண்டியைக் காக்கிறது. பற்களுக்கிடையே சரளைக்கல் இறுகிக் கிடந்தால் பற்சக்கரம் சரியாகப் பதியாது. பாறை விழுந்து சட்டம் வளைந்திருந்தாலோ அதை மாற்றியே ஆக வேண்டும். ஆகவே பணி முடிய எத்தனை நாளானாலும் ஆகட்டும். தகவல் தாமதமாவதுதான் எங்கள் குறை.

ரயில் காலை 7.10-க்குப் புறப்படுகிறது. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வருவோர் முந்தைய இரவே கிளம்பிவிடுகிறார்கள். பாதை மூடியிருப்பது காலையில் நடைமேடையில்தான் தெரியுமென்றால், குழந்தைகளோடும் முதியவர்களோடும் வந்தவர்கள் என்ன செய்வார்கள்? பாதை அடைபட்டிருக்கும் நாட்களில், மறுநாள் ரயில் உண்டா இல்லையா என்பதை மாலை 5 மணிக்குள் முடிவு செய்து, முன்பதிவில் தந்த கைபேசி எண்ணுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் குறுஞ்செய்தி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். இரவில் பெய்த மழையால் திடீரென்று ரத்தானால் அது வேறு. அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கீழே பாதை மூடினாலும் குன்னூர் – உதகை டீசல் ரயில் ஓடக்கூடிய நாட்கள் உண்டு. ரத்தான பயணச்சீட்டு வைத்திருப்போருக்கு அதில் முன்னுரிமை இருக்கை ஒதுக்கலாம். சாலை திறந்திருந்தால், அந்த ரயிலின் நேரத்தைக் கணக்கிட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஒரு பேருந்து விடும்படி போக்குவரத்துக் கழகத்தைக் கேட்கலாம்.

மூடல் பல நாள் நீண்டால் இன்னொன்றையும் பரிசீலிக்கலாம். இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகை நீராவி இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். அவற்றில் இரண்டு சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன, மற்ற இரண்டு சிலிண்டர்கள் பற்சக்கரங்களை ஓட்டுகின்றன. மேட்டுப்பாளையம் – கல்லாறு சமதளத்தில் முதல் இரண்டு மட்டுமே வேலை செய்கின்றன. அதே முறையில் குன்னூரிலிருந்து வெலிங்டன், அருவங்காடு வரை இரண்டு பெட்டிகளோடு ஒரு நீராவி நடை விட்டுப் பார்க்கலாம். அந்தப் பகுதியிலும் ஏற்றம் உண்டு, பல்சட்டமோ இல்லை. ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். ஆகவே பெட்டிகளைக் கூட்ட வேண்டாம், மணல் தூவும் அமைப்பைச் சரிபார்த்த பிறகே விட வேண்டும். இது முடியாதென்றால், குன்னூர் லோகோ பணிமனையில் தினமும் ஒரு மணி நேரம் ஊழியர் துணையோடு இன்ஜின்களைக் காண அனுமதித்தாலும் போதும்.

முன்பதிவின்போதே தெரிவிக்க வேண்டிய சில விவரங்களும் உண்டு. நீராவி இன்ஜின் குன்னூர் வரை மட்டுமே. அதற்கு மேல் டீசல். ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பெட்டியில் பாதை மறைக்காமல் தெரியும். பற்சக்கரப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கி.மீ.-ஐத் தாண்டாது என்பதால் உதகையில் மதிய இணைப்பு எதையும் நெருக்கிப் பதிவு செய்யக் கூடாது. இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும் ஹில்குரோவ் போன்ற இடங்களில் கழிப்பறை எப்போதும் திறந்திருக்கவும், குரங்குகளுக்குத் தீனி போட வேண்டாமென்ற பலகை வைக்கவும் உத்தரவிடக் கோருகிறோம்.

வரும் அக்டோபருக்கு முன் குறுஞ்செய்தி ஏற்பாட்டையாவது நடைமுறைப்படுத்தி, எடுத்த நடவடிக்கையை எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மலை ரயில் பயணிகள் மற்றும் ஆர்வலர்கள்